தேதி போடாத அஞ்சலி

சார் எதையும் முடிக்கமாட்டார். டீ வாங்கினால் பாதி கிளாசில் வைத்துவிடுவார். பஸ் வந்து நின்றால், அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்பார். "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், லாரி செட்டுகளுக்கு நடுவே இருந்த ஒரு பேனர் கடைக்கு அவர் வாராவாரம் வருவார். ஒரே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் திருத்துவதற்காக. அந்தப் போஸ்டரில் இருந்த பையன் அப்போது உயிரோடு இருந்தான்.

நான் அந்தக் கடைக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஆவடியில் பரோட்டா போட்டேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் பிரஸ் மிஷின் ஓட்டினேன், பூந்தமல்லியில் பூ மூட்டை தூக்கினேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. அதுவரை ஒரு இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. இந்த வேலைக்கு ஒரு பக்கெட் மைதாப் பசையும் பிரஷும் பழைய மொபெட்டும் போதும். கட்சிப் போஸ்டர் என்றால் ராத்திரியில் பயந்து பயந்து ஒட்டவேண்டும். சாவு போஸ்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டப்பகலில் யார் வீட்டுச் சுவரிலும் ஒட்டலாம். ஏன் என்று கேட்கமாட்டார்கள். செத்தவர் வீட்டில் ஆரம்பித்து, டீக்கடை, பால் பூத், பஸ் ஸ்டாப் என்று சுடுகாடு வரைக்கும் ஒட்டிக்கொண்டே போகவேண்டும். ஊர்வலம் வருகிற வழி முழுக்க அந்த முகம் இருக்கவேண்டும். அதுதான் கணக்கு.

சாரை முதலில் பார்த்ததும் அப்படித்தான். அவருடைய ஒரே மகனுக்கு நான்தான் ஒட்டினேன்.

மகன் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். கொரட்டூரில் இருக்கிற வீட்டுக்கு வண்டியில் வரும்போது, எதிர்ப்பக்கமாக ஏறி வந்த தண்ணி லாரி அடித்துவிட்டது. லாரியை ஓட்டியது அதன் முதலாளி மகன். ஏறக்குறைய அதே வயசுப் பையன். விளையாட்டுக்கு எடுத்து ஓட்டியிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் அவர்களிடம் சம்பளத்துக்கு இருந்த டிரைவர் ஸ்டேஷனில் போய், நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டார். பார்த்தவர்கள் டீக்கடையில் உண்மையைச் சொன்னார்கள். கோர்ட்டில் சொல்லவில்லை. ஏரியாவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது.

லாரி முதலாளியான அந்த டேங்கர்காரர் பழைய ஊர்க்காரர். அவருடைய அப்பா ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர் என்பார்கள். நிலமெல்லாம் ஃபிளாட் ஆகிவிட்டது, கிணறு மட்டும் மிச்சம். அந்த நிலத்தில் கட்டிய ஃபிளாட்டுகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரையே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஊற்றினார். சார் இருந்த ஃபிளாட்டும் அதில் ஒன்று. மகன் போன பிறகும் அதே லாரிகள்தான் வந்தன. சார் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து சாரின் மகனைக் கொடுத்தபோது தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பிரிக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுடுகாட்டில் வாய்க்கரிசி போடச் சொன்னபோது சார் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "நெஞ்சு மேல போட்டுடுங்க சார், பரவால்ல" என்றார் ஒருவர். "இருங்க, பாத்துப் போடலாம்" என்றார் சார். மற்றவர்கள் போட்டுமுடித்தார்கள். நெருப்பு வைத்தார்கள். அவர் மூடிய கையோடேயே திரும்பி நடந்தார்.

சார் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். கும்பகோணத்துக்காரர். சத்தமாகப் பேசமாட்டார். கடைக்கு வருகிற நாளில் எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார். டீக்கடை மாஸ்டருக்கு அவரைச் சீண்டாமல் இருக்க முடியாது.

"இன்னா சார், அப்டியே உட்டுட்டியா அந்தாள? எங்க ஏரியாவா இருந்தா இந்நேரம் ஒரு தல உருண்டுருக்கும்."

"எது உன் ஏரியா?" என்றேன் நான்.

"இதான்."

"அப்ப உருட்ட வேண்டிதான."

"நம்ப டீ போட்டுகினு கீறோம் நைனா."

சார் சிரித்தார். "நானும் அதைத்தான் பசங்களுக்கு நடத்திக்கிட்டிருக்கேன்" என்றார். ஒரு பழைய இங்கிலீஷ் நாடகமாம். அநியாயமாக ஒரு சாவு விழுகிறது. பழிவாங்க வேண்டியவன் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான். நடுவில் யாருக்கும் சந்தேகம் வராமலிருக்கப் பைத்தியம் மாதிரி நடிக்கிறான். ஐந்தாவது அங்கத்தில் எல்லாரும் செத்துப்போகிறார்கள்.

"அவனுமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அவனும்தான்."

"இத யாரு சார் காசு குத்து பாப்பாங்க?"

"காலங்காலமா பாத்துக்கிட்டுதான் இருக்காங்க."

அந்த வருஷம் அவர் மூன்றாவது அங்கத்தைத் தாண்டவேயில்லை. அங்கே வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். பரீட்சை நெருங்கியதும் பிள்ளைகள் பயந்துபோய் மேலே சொல்ல, காலேஜ் அவரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டது. அதைப் பற்றி நான் கேட்டபோது சொன்னார்: "அஞ்சாவது அங்கம் நடத்திட்டா எல்லாரும் போயிடுவாங்க தம்பி. நடத்துற வரைக்கும் இருக்காங்க இல்ல?"

ஓய்வு கிடைத்த பிறகு அவர் பாடி சிக்னலில் நிற்க ஆரம்பித்தார். தண்ணி லாரி எது போனாலும் நெற்றியில் கைவைத்து ஒரு சல்யூட். டிரைவர்கள் ஹாரன் அடித்துப் பதில் சொல்லுவார்கள். "அந்த லூசு சார் நிக்குது பாரு" என்று கிளீனர் பையன்கள் கையாட்டுவார்கள். எனக்கு ஒருமாதிரி இருந்தது. பக்கத்தில் போய், வாங்க சார் போகலாம் என்றேன்.

"பழகட்டும்பா" என்றார் மெதுவாக. "என்னைப் பாத்து சிரிச்சுப் பழகிட்டாங்கன்னா, நான் கிட்டப் போனா பயப்படமாட்டாங்க."

அவர் கண்ணில் அன்று தெளிவு இருந்தது. நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நடிப்பு என்பதால் பயமும் வந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் போனேன். சார் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். போனது பால் வண்டி. அதற்குப் பின்னால் வந்த ஸ்கூல் வேனுக்கும் அடித்தார். அப்புறம் ரோடு காலியாக இருந்தது. அப்போதும் கை இறங்கவில்லை.

மகனின் முதல் வருஷ நினைவு அஞ்சலிக்காக அவர் கடையில் உட்கார்ந்திருந்த நாளில்தான் அந்தப் பையன் வந்தான். டேங்கர்காரர் மகன். பின்னால் ஒரு கூட்டாளி. எங்கள் டிசைனர் ரேவதி பாடியிலேயே பிறந்து வளர்ந்தவள், சார் யார், இவன் யார் என்று அவளுக்குத் தெரியும். சட்டென்று திரையில் இருந்த சாரின் மகன் முகத்தைக் கீழே இறக்கி மறைத்துவிட்டாள்.

"அக்கா, நாளைக்கு நம்ப பர்த்டே. பேனர் கெத்தா இருக்கணும்."

"பின்னாடி சிங்கம் போட சொல்லு மாமே" என்றான் கூட்டாளி.

"போன வாட்டி போட்ட சிங்கம் பூன மாதிரி இருந்துச்சு. இந்த வாட்டியாவது நல்ல சிங்கமா போடுக்கா."

கடையில் இருந்தது இரண்டே நாற்காலி. சார் எழுந்து தன்னுடையதை அவனுக்குக் கொடுத்தார். அவன் உட்கார்ந்தான். அவனுடைய முதுகுக்குப் பின்னால் சார் நின்றார். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் மேஜைமேல் பேனர் அறுக்கிற கத்தி இருந்தது. நான் உள்ளே பசை கிளறிக்கொண்டிருந்தவன் துடுப்பை விட்டுவிட்டு வந்து மேஜைப் பக்கத்தில் நின்றேன். ரேவதி என்னைப் பார்த்தாள்.

அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். கண்ணாடி போட்டுக்கொண்டு முறைக்கிற படம். சார் குனிந்து பார்த்தார்.

"இதுல முறைக்கிறீங்களே. சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லாருக்கும்."

"அங்கிள் சொல்றதும் கரெக்ட்டுதான்" என்று அவன் வேறு படம் தேடிக் கொடுத்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற படம். போகும்போது, "தேங்ஸ் அங்கிள்" என்றான். அவனுக்கு அவரைத் தெரியவில்லை.

வண்டிச் சத்தம் போன பிறகு நான் கத்தியை எடுத்து அலமாரியில் வைத்தேன். "எதுக்குப்பா எடுக்கிற?" என்றார் சார். "சிரிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளையை எப்படிப்பா."

அடுத்த வாரம் வந்து, அந்தச் சிரிக்கிற படத்தை வைத்து ஒரு கண்ணீர் அஞ்சலி போடச் சொன்னார்.

ரேவதி எழுந்துவிட்டாள். "வேணாம் சார். உசுரோட இருக்கிறவங்களுக்குப் போட்டா பாவம் சார்."

"அச்சடிக்க வேணாம்மா. போட்டு மட்டும் வை. தோற்றம்னு அவன் பொறந்தநாளைப் போடு. மறைவுங்கிற இடத்துல ஒண்ணும் எழுதாத. அதை நான் வந்து சொல்றேன்."

அவள் அழுதுகொண்டே போட்டாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அந்தச் சிரிப்பு. கீழே, வருந்துவோர் என்ற இடத்தில் சார் தன் பெயரை மட்டும் சொன்னார்.

"உங்க பேரா சார்?"

"செய்யறவன்தானேம்மா வருத்தப்படணும்."

அதிலிருந்து வாராவாரம் அதைத் திறக்கச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். எழுத்தைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுவார். விளக்கின் சுடரைச் சின்னதாக்கச் சொல்லுவார். படத்துக்கு மேலே போடுகிற வரியைத்தான் மாற்றி மாற்றி எழுதினார். முதலில் எழுதியது, 'செய்தது தேடி வந்தது.' இரண்டு மூன்று வாரம் அது இருந்தது. அப்புறம் சின்னப் பையன், இவ்வளவு கடுமை வேண்டாம் என்று எடுத்துவிட்டார். 'அவசரப்பட்டாயே' என்று கொஞ்ச நாள். மழைக்காலம் ஆரம்பித்தபோது வந்து கடைசியாக ஒரு வரி சொன்னார்: 'கதவைத் தாழ் போடவில்லை. எந்நேரமானாலும் வா.' சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை பாத்துடலாம் என்று கிளம்பினார்.

அவருடைய வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கதவு எப்போதும் சும்மா சாத்தித்தான் இருக்கும். தெருநாய் உள்ளே வந்து படுத்திருக்கும்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவர் மனைவி மகன் போன பிறகு திருச்சியில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ரேவதி அவருக்குப் போன் போட்டு, சார் இப்படி ஒரு போஸ்டர் போட வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். அப்புறம், "வாரத்துல ஒரு நாளாவது ஒரு எடத்துல உக்காந்திருக்காரே, அதை நிறுத்திடாதீங்கம்மா" என்று வைத்துவிட்டாராம்.

டேங்கர்காரர் மகன் காய்ச்சலில் செத்தான். அந்த மழையில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நடந்துதான் போனானாம். நான்கைந்து நாளில் திரும்பி வந்தது உடம்பு.

அவனுடைய கூட்டாளி கடைக்கு ஓடிவந்தான். "அக்கா, மத்தியானமே எடுக்கறாங்க. ஒடனே வேணும். நல்லா சிரிச்சா மாதிரி ஒரு போட்டோ நீ வெச்சிருந்தல்ல, அதப் போடு." வெளியே இன்னும் நாலைந்து பேர் நின்று அவசரப்படுத்தினார்கள். புதிதாகப் போட நேரம் இல்லை. ரேவதி, சாருக்காகப் போட்டு வைத்திருந்ததையே திறந்தாள். சாரின் பெயரை எடுத்துவிட்டு, அவர்கள் சொன்ன பெயர்களைப் போட்டாள். காலியாக இருந்த இடத்தில் மறைவுத் தேதியைப் போட்டாள். மேலே இருந்த வரியை எடுக்கவில்லை. எடுக்க மறந்தாளா, எடுக்க மனசு வரவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை என்றாள். அச்சாகி வந்த ஈரத்தோடு நான் வாங்கிக்கொண்டு போனேன்.

அவர்கள் வீட்டு மதிலில் தொடங்கி, பாதி வழி ஒட்டியிருப்பேன். ஸ்டேஷன் ரோட்டில் பால் பூத் பக்கத்தில் பிரஷைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சார். கையில் பால் பாக்கெட். பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை மேலிருந்து கீழாகப் படித்தார். விரலால் மறைவுத் தேதியைத் தொட்டார். ஈரம் ஒட்டிக்கொண்டது.

"நான் இன்னும் முடிக்கலையேப்பா" என்றார்.

"சார், காய்ச்சல் சார். டெங்குவாம்."

"யாரு தேதி போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஒட்டிக்கொண்டு வந்த வழியிலேயே, போஸ்டர் போஸ்டராகத் திரும்பிப் போனார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். நான் பக்கெட்டோடு பின்னால் போனேன். கூப்பிட்டும் திரும்பவில்லை.

பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. டேங்கர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கோர்ட்டில் பார்த்த முகம் அவருக்கு மறக்குமா.

"வந்துட்டியா சார்? வா. வந்து நல்லா பாத்துக்கோ. கண்ணு குளுந்துச்சா உனுக்கு?"

சார் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. உடம்பைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். முகம் திறந்திருந்தது. தலைமாட்டில் முறத்தில் வாய்க்கரிசி. பங்காளிகள் போடுகிற வரிசையில் சார் போய் நின்றுகொண்டார். யாரோ அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். டேங்கர்காரர், "உடு" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. சார் கொஞ்சம் அரிசியை எடுத்து, குனிந்து, வாயைப் பார்த்து, சிந்தாமல் போட்டார். அவர் ஒரு காரியத்தை முழுசாகச் செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அதோடு முடிந்திருக்கலாம். சாருக்கு முடியவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடைக்குப் போன் வந்தது. நான் போனேன். சார் சுவரோரப் பெஞ்சில், ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் ஆளா இவரு?" என்றார் ஏட்டு.

"கடைக்கு வர்றவருங்க ஐயா."

"கூட்டிகினு போய்யா. டெய்லி வந்து உக்காந்துக்கிறாரு. கொல பண்ணிட்டேன், புடிச்சு உள்ள போடுன்றாரு. எப்டி பண்ணன்னு கேட்டா, போஸ்டர் போட்டேன்றாரு. இத நான் எந்த செக்சன்ல எழுதறது?"

"நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க தம்பி" என்றார் சார். "நீ சொல்லு. அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கினது யாரு? போடச் சொன்னது யாரு?"

"நீங்கதான் சார். ஆனா அவன் காய்ச்சல்ல போனான் சார்."

"காய்ச்சல் கடைசில வந்தது" என்றார் பொறுமையாக, பாடம் படிக்காமல் வந்த பையனிடம் சொல்கிற மாதிரி.

தொல்லை தாங்காமல் ஏட்டு ஏற்கனவே டேங்கர்காரருக்கும் போன் போட்டிருந்தார். போஸ்டர் கதையையும் சொல்லிவிட்டிருந்தார். அவர் மொட்டைத் தலையோடு வந்து நின்றபோது நான் சாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அடி விழுந்தால் தடுக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. இருந்தாலும் நின்றேன். அவர் என்னைக் கையால் தள்ளினார். நானும் நகர்ந்துவிட்டேன்.

"கதவ தாழ் போடலன்னு எழுதுனது நீயா?"

"ஆமா" என்றார் சார்.

"அந்த எழுத்தப் படிச்சதுலருந்து ஊட்ல கதவ சாத்த உட மாட்றா என் சம்சாரம். அந்தண்டையே பாத்துகினு உக்காந்துகினு கீறா."

சார் எழுந்து நின்றார். "நான்தான் பண்ணேன். எழுதிக்கச் சொல்லுங்க. இவங்க நம்பமாட்டேங்கிறாங்க."

ஏட்டு, "உட்ருங்கண்ணே, மூள கலங்கிப் போன ஆளு" என்றார்.

"ஆமா சார்" என்றார் டேங்கர்காரர். "நீதான் பண்ண. ஊட்டுக்குப் போ."

எந்த மனசில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. சார் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். தோள் இறங்கி, முகம் தளர்ந்து, ரொம்ப நாள் தூங்காதவர் மாதிரி ஆகிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். "ஒத்துக்கிட்டாரு பாத்தியா" என்றார்.

கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். சார் உட்கார்ந்திருந்த பெஞ்சில் டேங்கர்காரர் உட்கார்ந்திருந்தார். "நீங்களும் ஊட்டுக்குப் போங்கண்ணே" என்று ஏட்டு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.